தொடையுடைப்பான் மேடு

தொடையின் முன்பக்கத்தில் நாலு சதைகள் இருக்கின்றன என்ற விஷயம் எனக்கு என்னுடைய 49-வது வயதில்தான் தெரிந்தது. புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அந்த நாலும் தனித்தனியாக என்னைக் கூப்பிட்டு, "அம்மா, நாங்கள் இங்கேதான் இருக்கிறோம்" என்று முறையிட்டதால் தெரிந்துகொண்டேன்.

இது நடந்தது 2019 ஜூன் மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. இடம், அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் கிங் சிட்டி என்ற சிற்றூரைத் தாண்டியதும் வருகிற ஒரு மேடு. அந்த மேட்டுக்குச் சைக்கிள்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'குவாட்பஸ்டர்'. தமிழில் சொன்னால் 'தொடையுடைப்பான்'. பெயர் வைத்தவர் பொய் சொல்கிறவர் அல்ல.

என்னைச் சைக்கிள் வீராங்கனை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நான் சைக்கிள் கற்றுக்கொண்டது புதுக்கோட்டையில், 1991-ஆம் வருஷம். அப்போது அங்கே அறிவொளி இயக்கம் நடந்துகொண்டிருந்தது. கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையார், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். கல் உடைக்கிற பெண்கள், பால்வாடி ஆயாக்கள், நர்ஸுகள் என்று மாவட்டமே சைக்கிளில் ஏறிவிட்டது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் ஏறினேன். விழுந்தேன். மறுபடி ஏறினேன். பெரியப்பா மகள் அக்காதான் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். "விட்டுடாதேக்கா, விட்டுடாதேக்கா" என்று நான் அலறிக்கொண்டே போவேன். திரும்பிப் பார்த்தால் அவள் ஐம்பது கஜம் தள்ளி நின்று சிரித்துக்கொண்டிருப்பாள்.

இந்த அக்காவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதை அவளிடம்தான் போய்ச் சேரப் போகிறது.

கலியாணமாகி, குழந்தை குட்டிகள் பெற்று, கணவரின் உத்தியோகத்தை ஒட்டிக் கலிபோர்னியாவில் குடியேறி, சைக்கிளை நான் மறந்தே போனேன். பிள்ளைகள் படிக்கப் போன பிறகு வீடு வெறிச்சென்று இருந்தபோதுதான், ஒரு சிநேகிதி இந்தச் சைக்கிள் யாத்திரையைப் பற்றிச் சொன்னாள். 'எய்ட்ஸ் லைஃப்சைக்கிள்' என்று அதற்குப் பெயர். சான்பிரான்சிஸ்கோவில் புறப்பட்டு லாஸ் ஏஞ்சல்ஸில் முடியும். 7 நாள், 545 மைல். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போய், அங்கிருந்து திருநெல்வேலியையும் தாண்டித் திரும்பி வருகிற தூரம்! இரண்டாயிரம் பேருக்கு மேல் ஒரே சமயத்தில் ஓட்டுவார்கள். சேருகிற ஒவ்வொருவரும் குறைந்தது 3,000 டாலர் நன்கொடை திரட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. பணம் அந்த இரண்டு ஊர்களிலும் எய்ட்ஸ் நோயாளிகளுக்கு வைத்தியமும் பரிசோதனையும் செய்கிற இரண்டு ஸ்தாபனங்களுக்குப் போகும். 1994-ஆம் வருஷம் வேறொரு பெயரில் ஆரம்பித்த வழக்கம் இது. 2002 முதல் அந்த ஸ்தாபனங்களே நடத்தின.

"சேர்ந்துவிட்டேன்" என்று இவரிடம் சொன்னபோது, இவர் பத்திரிகையிலிருந்து தலையை எடுக்காமலே, "பெட்ரோல் அவ்வளவு விலை ஏறிவிட்டதா?" என்று கேட்டார். ஆனால் முதல் நன்கொடை இவருடையதுதான். மற்றவர்களிடம், திருப்பதிக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணி கட்டிய சொம்போடு வீடு வீடாகப் போவார்களே, அந்த மாதிரி போனேன். "எதற்கு?" என்று கேட்டவர்களுக்கு, "ஒரு நோய்க்கு வைத்தியம் செய்ய" என்றேன். "என்ன நோய்?" என்று இரண்டாம் தடவை கேட்டவர்களுக்கு மட்டும், அதுவும் தணிந்த குரலில், பெயரைச் சொன்னேன். அந்தத் தணிந்த குரல்தான் என்னுடைய குற்றம். அதையும் பின்னால் சொல்கிறேன்.

முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை. உற்சாகத்திலேயே ஓடிவிட்டது. இரண்டாம் நாள் சான்டா குரூஸிலிருந்து கிங் சிட்டிக்கு 100 மைலுக்கு மேல். ஸ்ட்ராபெர்ரித் தோட்டமும் கீரைத் தோட்டமும் மாறி மாறி வருகிற சாலினாஸ் பள்ளத்தாக்கு. இருட்டுவதற்குள் கூடாரத்தை அடைந்து, இலையில் உட்கார்ந்தபடியே தூங்கிப் போகும் கலியாண வீட்டுக் குழந்தையைப் போல, கையில் முள்கரண்டியோடு தூங்கிவிட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் எழுந்தால், உடம்பில் என்னுடைய உத்தரவுக்குக் கீழ்ப்படிகிற பாகம் கண் இமை ஒன்றுதான். உட்காருமிடம் புண்ணாகிவிட்டது. இதற்கென்று ஒரு களிம்பு விற்கிறார்கள். முகாமில் அந்தக் களிம்புக்கு இருக்கிற மரியாதை காப்பிக்குக்கூடக் கிடையாது. அன்றைக்குப் போக வேண்டிய ஊர் பாசோ ரோப்லெஸ். 65 மைலை ஒட்டிய தூரம். "நேற்றைக்குப் பார்த்தால் இன்று சொற்பம்தானே?" என்று சிநேகிதி தைரியம் சொன்னாள். அவள் வயது 31.

புறப்பட்டுக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மேடு வந்துவிட்டது. ஒரு மைலுக்கு மேல் ஒரே ஏற்றம். தலையை நிமிர்த்தினால், முன்னால் போகிறவர்கள் வெல்லத்தை நோக்கிப் போகிற எறும்புச் சாரி மாதிரி தெரிந்தார்கள். சிநேகிதி முன்னே போய்விட்டாள். பல்சக்கரத்தை இருப்பதிலேயே லேசானதற்கு மாற்றினேன். அதற்கப்புறம் மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை, ஆளைத்தான் மாற்ற வேண்டும். பாதி ஏற்றத்தில் நாலு சதைகளும் ஏக காலத்தில் வேலை நிறுத்தம் செய்தன. இறங்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன்.

களைத்தவர்களை ஏற்றிக்கொள்கிற வண்டி ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. அதில் ஏறுவதில் ஓர் அவமானமும் இல்லை. எத்தனையோ பேர் ஏறுகிறார்கள். ஓட்டுகிறவர் ஜன்னல் வழியாக, "வருகிறீர்களா?" என்று பிரியமாகக் கேட்டார். நானும் வாயைத் திறந்துவிட்டேன்.

அப்போதுதான் மேட்டின் உச்சியிலிருந்து ஒரு பெரியவர் சைக்கிளில் இறங்கி வந்தார். நரைத்த தாடி. அறுபதைத் தாண்டிய வயது. "ஒரு நிமிஷம். இவர் என்னோடு வரட்டுமே" என்று வண்டிக்காரரிடம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "உங்களுக்குச் சம்மதமானால் முதுகில் கை வைத்துத் தள்ளுகிறேன். வைக்கலாமா?"

பலசாலிகள் மேட்டில் ஏறி முடித்துவிட்டு, மறுபடி இறங்கி வந்து, முடியாதவர்களை இப்படித் தள்ளிக்கொண்டு ஏறுவது அங்கே பழக்கம். அவருக்கு அன்று அது மூன்றாவது ஏற்றமாம். முன்பின் தெரியாத ஆண்பிள்ளை முதுகில் கை வைப்பதா? என் பெரியம்மா பார்த்திருந்தால் மேட்டோடு சேர்த்து என்னையும் உருட்டி விட்டிருப்பாள். ஆனால் அவர் கேட்ட விதத்தில், கோயிலில் தட்டை நீட்டுகிறவரின் மரியாதை இருந்தது. தலையை ஆட்டினேன்.

அவர் கை என்னைத் தூக்கவில்லை. கொஞ்சமாகத்தான் தாங்கியது. ஆனால் 28 வருஷத்துக்கு முன் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி பின்னால் ஓடி வந்தாளே, அந்த ஞாபகம் வந்துவிட்டது. "விட்டுடாதேக்கா" என்று வாய் தானாக முணுமுணுத்தது. அவருக்குத் தமிழ் தெரியாதது என் அதிர்ஷ்டம்.

உச்சியில் ஏறி நின்று மூச்சு வாங்கும்போதுதான் கவனித்தேன். அவர் சைக்கிளின் பின்பக்கத்தில் ஆரஞ்சு வர்ணக் கொடி ஒன்று பறந்துகொண்டிருந்தது. எச்.ஐ.வி. கிருமியோடு வாழ்கிறவர்கள், "நாங்கள் இருக்கிறோம்" என்று காட்டுவதற்காகத் தாங்களே கட்டிக்கொள்கிற கொடி அது. "1989-ல் எனக்கு டாக்டர் இரண்டு வருஷம் கெடு வைத்தார். கெடு வைத்த டாக்டர் ரிடையராகிவிட்டார்" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "என் சிநேகிதர்களில் பலர் 1996 வரை தாக்குப் பிடிக்கவில்லை" என்றார். மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் கிருமி அடங்கும் என்று கண்டு, வைத்தியமே தலைகீழாக மாறிய வருஷம் அது.

"நீங்கள் யாருக்காக ஓட்டுகிறீர்கள்?" என்று கேட்டார்.

அதுவரை ஒருவரிடமும் சொல்லாததைச் சொன்னேன். "என் அக்காவுக்காக."

"எப்படி இருக்கிறார்?"

"நன்றாக இருக்கிறாள். ஊரில் இருக்கிறாள்."

"நீங்கள் ஓட்டுவது அவருக்குத் தெரியுமா?"

என்னிடம் பதில் இல்லை. அவர் மேலே கேட்கவில்லை. தண்ணீர்க் குப்பியை நிரப்பிக்கொள்ளும்படி சொல்லிவிட்டு, நாலாவது தடவையாகக் கீழே இறங்கிப் போய்விட்டார்.

மேடு முடிந்தால் களைப்பு முடிந்தது என்று நினைத்தேன். தப்பு. மேட்டில் களைப்பது கால். வெயிலில் களைப்பது மனசு. மரமில்லாத பொன்னிறக் குன்றுகள். சான் ஆர்டோ பக்கத்தில் பூமியிலிருந்து எண்ணெய் எடுக்கிற யந்திரங்கள், பஜனையில் கிழவர்கள் தலையாட்டுவதுபோல் ஓயாமல் ஆட்டிக்கொண்டிருந்தன. பிறகு பிராட்லி என்ற குக்கிராமம். நூறு பேர் இருந்தால் அதிகம். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் தாய்மார்களும் அடுப்பு மூட்டி, சைக்கிள்காரர்களுக்குப் பர்கர் சுட்டு விற்றார்கள். வருகிற பணம் பள்ளிக்கூடத்துக்கு. தர்மத்துக்காகச் சைக்கிள் ஓட்டுகிறவனிடமே இன்னொரு தர்மத்துக்கு வசூல்! எட்டு வயசுப் பெண் ஒருத்தி என் தட்டில் வெங்காயத்தை அடுக்கி, "எல்லாவற்றையும் சாப்பிட வேண்டும்" என்று கண்டிப்பாகச் சொன்னாள். சாப்பிட்டேன்.

அதற்கப்புறம்தான் அன்றைய பிரயாணத்தில் கஷ்டமான பாகம். கைவிரல் மரத்துப் போயிற்று. கம்பங்களை எண்ணினேன். அதுவும் அலுத்தது. எண்ணுவதை நிறுத்தினால் அந்தப் பெரியவரின் கேள்வி வந்து நின்றது. அதன் பின்னாலேயே ஒரு டம்ளர் வந்தது.

அத்தான் 1998-ல் காலமானார். லாரி வைத்திருந்தவர். "மஞ்சள் காமாலை" என்று ஊருக்குச் சொன்னோம். டாக்டர் சொன்னது வேறு. அக்காவையும் பரிசோதித்தார்கள். அவளுக்கும் இருந்தது. அவள் செய்த பிழை, தாலி கட்டிக்கொண்டது ஒன்றுதான். கொல்லைக் கொட்டகையில் அவளுக்குக் கட்டில் போட்டார்கள். தனித் தட்டு, தனி டம்ளர். மற்ற டம்ளர்களோடு கலந்துவிடக் கூடாதென்று, விளிம்பில் சிவப்பு நகப்பூச்சினால் ஒரு பொட்டு. அந்தப் பொட்டை வைத்தது யார் என்று கேட்கிறீர்களா? நகப்பூச்சு என்னுடையது. கையும் என்னுடையதுதான்.

படித்தவள்தான் நான். தட்டினாலும் டம்ளராலும், தொட்டாலும், கட்டிக்கொண்டாலும் இந்தக் கிருமி ஒட்டாது என்பது அப்போதே தெரிந்த விஷயம். அச்சிட்டு ஒட்டியிருந்தார்கள். நானே படித்திருக்கிறேன். நம்பத்தான் தைரியம் வரவில்லை.

இதில் வெட்கப்பட இன்னும் காரணம் உண்டு. இந்தியாவில் இந்தக் கிருமியை முதலில் கண்டுபிடித்தவர்கள் நம்முடைய சென்னைப் பெண்கள். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவருடைய மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலா இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். பத்திரமாக வைக்க வசதி இல்லாமல், தம் வீட்டு ஃபிரிட்ஜிலேயே வைத்தார். பிறகு ரயிலேறி வேலூருக்கு எடுத்துப் போய்ப் பரிசோதித்தார்கள். தோசை மாவும் தயிரும் இருக்கிற ஃபிரிட்ஜில் அதை வைத்த பெண்மணியும் நம் ஊர்க்காரிதான். டம்ளருக்குப் பொட்டு வைத்த நானும் நம் ஊர்க்காரிதான்.

1999-ல் என் மகன் பிறந்து நாற்பதாவது நாள் அக்கா பார்க்க வந்தாள். கையைக் கழுவிக்கொண்டு, முந்தானையில் துடைத்துக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டினாள். நான் குழந்தையை மார்போடு இழுத்துக்கொண்டு, "தூங்குகிறதுக்கா" என்றேன். அவள் கையை மடக்கிக்கொண்டாள். காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

2004 ஏப்ரலில் சர்க்கார் இந்த மருந்தை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. முதலில் ஆரம்பித்த ஆஸ்பத்திரிகளில் தாம்பரமும் ஒன்று. அக்கா தனியாக பஸ் ஏறிப் போய் மருந்து வாங்கிப் பிழைத்துக்கொண்டாள். நாங்கள் யாரும் கூடப் போகவில்லை. பிறகு விசேஷங்களில் பார்த்துக்கொண்டோம். பேசினோம். அந்த நாற்பதாம் நாளைப் பற்றி மட்டும் இருவரும் பேசியதில்லை.

சான் மிகுவெலில் 1797-ல் நிறுவிய பழைய மாதா கோயில் ஒன்று இருக்கிறது. அதன் சுவர் நிழலில் பத்து நிமிஷம் சாய்ந்து உட்கார்ந்தேன். மறுபடி ஏறினேன். பாசோ ரோப்லெஸ் முகாமுக்குள் நான் நுழைந்தபோது அநேகமாக எல்லாரும் குளித்துவிட்டிருந்தார்கள். கைதட்டினார்கள். கடைசியாக வருகிறவர்களுக்குத்தான் அங்கே கைதட்டல் ஜாஸ்தி.

மாலை ஏழு மணி. நம் ஊரில் மறுநாள் காலை ஏழரை. கூடாரத்துக்கு வெளியே, புல்லில் காலை நீட்டிக்கொண்டு அக்காவுக்குப் போன் செய்தேன்.

"என்னடி காலங்காத்தால? யாருக்கு என்ன?" என்றாள்.

"ஒருத்தருக்கும் ஒன்றுமில்லை. சைக்கிள் ஓட்டினேன் அக்கா."

"இந்த வயசுலயா? எத்தனை மைலு?"

சொன்னேன். யாத்திரை எதற்காக என்பதையும், கடைசியில், தணியாத குரலில் பெயரைச் சொல்லியே சொன்னேன். அந்தப் பக்கம் சற்று நேரம் சத்தமில்லை. குக்கர் விசில் மட்டும் கேட்டது. நான் ஒரேயடியாகச் சொல்லிவிட்டேன். "அக்கா, அன்றைக்குப் பிள்ளை தூங்கவில்லை."

"எனக்குத் தெரியும்டி" என்றாள் அக்கா. "கண்ணை முழிச்சுக்கிட்டு என்னையத்தானே பாத்துச்சு."

நான் அழுதேன். அவள் அழவில்லை. அழ வேண்டியதையெல்லாம் கொட்டகையிலேயே முடித்துவிட்டாளோ என்னவோ.

"அந்த டம்ளரு..." என்று ஆரம்பித்தேன்.

"அதை வச்சு இப்ப அரிசி அளக்கிறேன். பொட்டு எப்பவோ தேஞ்சு போச்சு. சரி, கால் வலிக்குதா? வெளக்கெண்ணெய் தடவிக்க. அங்கெல்லாம் கிடைக்குமா?"

பிறகு, வைப்பதற்கு முன்னால், "நீதான் பத்திரிகையிலெல்லாம் எழுதுவியே, இதை எழுதேன். நாலு வீட்டில டம்ளரு தப்பிச்சுக்கும். எம் பேரைப் போடாதே. பயத்துல சொல்லலை, இங்க மாப்பிள்ளை பாத்துக்கிட்டிருக்கோம்" என்றாள். மாப்பிள்ளை பார்த்தது அவள் மகளுக்கு. தாயும் மகளும் சௌக்கியம். மகளுக்குக் கலியாணமும் ஆயிற்று.

எழுத எனக்கு இத்தனை வருஷம் பிடித்தது. அதற்குள் அந்த யாத்திரையே நின்றுவிட்டது. செலவு ஏறி, வருகிறவர்கள் குறைந்து, 2025 ஜூன் மாதத்தோடு அதை நிறுத்திக்கொண்டார்கள். நோய் நிற்கவில்லை. ஆனால் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, பரிசோதனையில் கிருமி தென்படாத அளவுக்கு அடங்கிவிட்டவர்களிடமிருந்து தாம்பத்தியத்தில்கூட அது பரவாது என்பது இன்று நிச்சயமாகிவிட்டது. நோயைக் காரணமாகச் சொல்லி வேலையோ, வீடோ, வைத்தியமோ மறுக்கக் கூடாது என்று நம் தேசத்தில் சட்டமும் இருக்கிறது. 2017-ல் நிறைவேறி, 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. சட்டம் ஆபீசுக்குள் போகும், ஆஸ்பத்திரிக்குள் போகும். சமையலறை அலமாரிக்குள் டம்ளர்களைப் பார்க்கப் போகாது. அங்கே நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

போன தடவை ஊருக்குப் போனபோது என் மகனையும் அழைத்துக்கொண்டு போனேன். ஆறடி உயரம். அக்கா இரண்டு கையையும் நீட்டினாள். அவன் குனிந்தான். "இனிமே எங்கே தூக்கறது?" என்று அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

காப்பி கொடுத்தாள். எந்த டம்ளர் என்று நான் பார்க்கவில்லை.